முன்னாள் கைதிகளுக்காக ஒரு பேக்கரி: பெயர்ப்பலகையில் அதைச் சொல்ல வேண்டுமா?

கிழக்குச்சாளரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன பேக்கரி தொடங்கும் முயற்சியில் இருக்கிறோம். இடம் அமைந்துவிட்டது. பழைய ஓவன் ஒன்றும் மாவு பிசையும் மிஷின் ஒன்றும் பேசி வைத்திருக்கிறோம். வேலைக்கு எடுக்கப்போவது சிறையிலிருந்து விடுதலையாகி வந்தவர்களைத்தான். ஆரம்பத்தில் நான்கு பேர். கடை கால் ஊன்றினால் அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்.

இதுவரை எல்லாவற்றிலும் ஒத்துப்போன நாங்கள் பெயர்ப்பலகையில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறோம். இது யாருக்கான பேக்கரி என்று வாசலிலேயே எழுதிவைப்போம், அதைப் பார்த்துத்தான் நாலு பேர் வாங்குவார்கள், நன்கொடையும் வரும் என்கிறார்கள் மூன்று பேர். எனக்கும் இன்னொருவருக்கும் அது உறுத்துகிறது. தண்டனை முடிந்து வந்த மனிதரை மறுபடியும் ஒரு பலகைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்துகிறோமோ என்று படுகிறது. ஆனால் மறைத்தால், நாளைக்குத் தெரியவரும்போது "ஏன் சொல்லவில்லை" என்று வாடிக்கையாளர் கேட்பாரே, அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

பேக்கரித் தொழில் தெரிந்தவர்கள், ஆள் எடுத்துப் பழகியவர்கள், உள்ளே இருந்து வந்தவர்கள், அவர்கள் வீட்டார், யாராக இருந்தாலும் மனதில் பட்டதைச் சொல்லுங்கள். கடுமையாகச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

மாவுமாஸ்டர் எழுதியது:

பலகை அப்புறம் இருக்கட்டும், முதலில் ரொட்டியைப் பாருங்கள். 22 வருடமாக ஓவன் முன்னால் நிற்கிறவன் சொல்கிறேன். இரக்கப்பட்டு ஒருவர் ஒருமுறை வாங்குவார். இரண்டாம் முறை அவர் வருவது பன் மெத்தென்று இருந்தால் மட்டும்தான்.

மற்றபடி இதற்குப் பேக்கரியைத் தேர்ந்தெடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவு யாருக்காகவும் காத்திருக்காது, அது எழும்பும்போது நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும், அதனால் நேரத்துக்கு வரவேண்டும் என்று யாரும் யாருக்கும் புத்திமதி சொல்லத் தேவையில்லாமல் மாவே சொல்லிக்கொடுத்துவிடும். படிப்புச் சான்றிதழ் வேண்டாம். கணக்கும் எளிது: மாவை 100 என்று வைத்துக்கொண்டால் தண்ணீர் 60 முதல் 65, உப்பு 2, ஈஸ்ட் 1 அல்லது கொஞ்சம் கூட. எத்தனை கிலோ போட்டாலும் இதே விகிதம்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கென்றாலே ஓடிய பையன்கள் என்னிடம் ஒரே மாதத்தில் இதை மனப்பாடமாகச் சொன்னார்கள். பிசைந்ததிலிருந்து நாலைந்து மணி நேரத்தில் பலன் ட்ரேயில் தெரிந்துவிடும். தப்பினாலும் அன்றைக்கே தெரியும், மறுநாள் சரிசெய்துகொள்ளலாம். வேறு எத்தனை வேலையில் அப்படி உண்டு?

ஆனால் ஒன்று. வேலை தொடங்குவது விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் பஸ் இருக்காது. பரோலில் வந்தவருக்கு இரவில் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையே இருக்கலாம். பலகைக்குச் சண்டை போடுவதற்கு முன்னால் இதற்கு என்ன செய்வதென்று யோசித்தீர்களா?

ஏட்டுப்புழு எழுதியது:

இந்த மாதிரி பேக்கரிகளைப் பற்றிக் கொஞ்ச காலமாகத் தேடித் தேடிப் படித்துவருகிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

பலருக்கும் நினைவுக்கு வருவது லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள ஹோம்பாய் பேக்கரி. கிரெகரி பாயில் என்ற இயேசு சபைப் பாதிரியார் 1986-ல் பாயில் ஹைட்ஸ் பகுதியில் டோலரெஸ் மிஷன் என்ற ஏழைப் பங்குத் தேவாலயத்துக்கு வந்தார். (ஊர்ப் பெயரும் அவர் பெயரும் ஒத்திருப்பது தற்செயல்.) சுற்றிலும் துப்பாக்கிக் கும்பல்கள், வாரத்துக்கு வாரம் இளைஞர்களை அடக்கம் செய்யும் நிலைமை. 1988-ல் வேலை தேடித்தரும் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். கும்பலில் இருந்தவனுக்கு வேலை கொடுக்க முதலாளிகள் போதுமான அளவில் முன்வரவில்லை. 1992-ல் அந்த நகரம் கலவரத்தில் எரிந்தபிறகு, படத் தயாரிப்பாளர் ரே ஸ்டார்க் பண உதவி செய்ய, தேவாலயத்துக்கு எதிரே பூட்டிக் கிடந்த ஒரு பழைய பேக்கரியை வாங்கி, நாமே முதலாளியாகிவிடுவோம் என்று தொடங்கியதுதான் அது. 1999-ல் தீவிபத்தில் அந்த இடம் எரிந்துபோனது, மறுபடி கட்டினார்கள். தெருவில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட கும்பல்களின் ஆட்கள் அங்கே ஒரே மேசையில் மாவு உருட்டுகிறார்கள். பயிற்சி 18 மாதம். முகத்திலும் கழுத்திலும் இருக்கும் கும்பல் பச்சைக்குத்தலை இலவசமாக அழித்துத்தருகிறார்கள், மனநல ஆலோசனையும் உண்டு. பாயிலுக்கு 2024-ல் அமெரிக்க அதிபர் சுதந்திரப் பதக்கம் கொடுத்தார்.

இன்னொன்று நியூயார்க் மாநிலத்தின் யாங்கர்ஸ் நகரில் இருக்கும் கிரேஸ்டன் பேக்கரி. 1982-ல் தொடங்கியவர் பெர்னி கிளாஸ்மன், விமானப் பொறியாளராக இருந்து ஜென் ஆசிரியரானவர். அங்கே ஆள் எடுக்கும் முறை விசித்திரமானது. பட்டியலில் பெயர் எழுதிவிட்டு வந்தால் போதும், இடம் காலியாகும்போது வரிசைப்படி கூப்பிடுவார்கள். நேர்காணல் இல்லை, பழைய வழக்கு விசாரிப்பு இல்லை, படிப்பு கேட்பதில்லை. பென் அண்ட் ஜெர்ரிஸ் ஐஸ்கிரீமில் வரும் பிரவுனித் துண்டுகள் இங்கேதான் வேகின்றன. பிரவுனி செய்வதற்காக ஆள் எடுக்கவில்லை, ஆள் எடுப்பதற்காகப் பிரவுனி செய்கிறோம் என்பது அவர்களுடைய வாசகம்.

உங்கள் பலகைக் கேள்விக்கு இந்த இரண்டும் இரண்டு பதில் சொல்கின்றன என்று நினைக்கிறேன். ஹோம்பாய் (கும்பல் இளைஞர்கள் தங்கள் கூட்டாளியைக் கூப்பிடும் சொல்) தன் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. கிரேஸ்டன் கேட்பதே இல்லை, அதனால் யார் உள்ளே இருந்து வந்தவர், யார் வீடில்லாமல் இருந்தவர், யார் சும்மா வேலை தேடி வந்தவர் என்று பிரித்துக் காட்ட அங்கே வழியே கிடையாது.

பூட்டியவீடு எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், அதனால் நான் எழுதுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் திருட வந்தவன் என் அம்மாவைத் தள்ளிவிட்டான். இடுப்பு எலும்பு முறிந்தது. நகை போனது பெரிதில்லை. அம்மா இன்றைக்கும் இரவில் இரண்டு முறை எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறாள். அவளுக்காக யாரும் பேக்கரி திறக்கவில்லை. ஆலோசனை, பயிற்சி, சம்பளம் என்று எல்லாம் குற்றம் செய்தவனுக்கு. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு வழக்கு எண்ணும் கோர்ட் வாசலும்தான்.

அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2005-ல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களைத் தொடர்ந்து கவனித்தது. மூன்று வருடத்துக்குள் 68 சதவீதம் பேர் மறுபடி கைதாகியிருந்தார்கள். பத்தில் கிட்டத்தட்ட ஏழு பேர். எனக்குத் தெரியாமல் அந்தப் பத்துப் பேரில் ஒருவரிடம் தினமும் ரொட்டி வாங்க என் அம்மாவை அனுப்ப எனக்கு விருப்பமில்லை. ஆகவே பலகை வேண்டும். சொல்லுங்கள். வாங்குவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

கணக்கர் எழுதியது:

அந்தக் கணக்கு சரிதான், ஆனால் அதிலேயே இன்னொரு எண்ணும் இருக்கிறது. முதல் வருடத்திலேயே 44 சதவீதம் பேர் கைதாகிவிட்டார்கள். அதாவது மூன்று வருடக் கணக்கில் பெரும்பகுதி முதல் பன்னிரண்டு மாதத்தில் நடந்தது. (கைது என்பது தண்டனை அல்ல, அதையும் மனதில் வைக்க வேண்டும்.) ஒருவர் வெளியே வந்த புதிதில்தான் வழுக்குகிறார். அந்த நேரத்தில் அவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் கேள்வி. ஹோம்பாயின் 18 மாதம் சரியாக அந்த இடத்தில்தான் விழுகிறது.

தங்கை எழுதியது:

பூட்டியவீடு அண்ணா, உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாதது பெரிய குறை, அதில் உங்களோடு எனக்கு எந்த வாதமும் இல்லை.

நான் மறுபக்கத்து வீட்டுக்காரி. என் அண்ணன் நாலரை வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். செய்தது தப்பு, அவனும் அப்படித்தான் சொல்வான், நாங்களும் மூடி மறைத்ததில்லை. வெளியே வந்த முதல் எட்டு மாதம் அவன் போட்ட விண்ணப்பங்களை நான்தான் பூர்த்தி செய்துகொடுத்தேன். ஒவ்வொன்றிலும் அந்த ஒரு கட்டம் வரும், எப்போதாவது குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருக்கிறீர்களா என்று. ஆம் என்று குறித்தால் பதிலே வராது, இல்லை என்று குறித்தால் பொய், அது தெரிந்த அன்றைக்கு வேலை போகும். ஒரு கிடங்கில் மூன்று வாரம் வேலை பார்த்தான், நல்ல பெயர் வாங்கினான், அப்புறம் யாரோ சொல்லிவிட்டார்கள், அன்று மாலையே கேட்டுக்கு வெளியே. அந்த மூன்று வாரத்தில் பிள்ளைக்கு வாங்கின பள்ளிப் பையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு, இரண்டு நாள் யாரோடும் பேசாமல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தான். பழைய கூட்டாளிகளுடைய போன் வர ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான். அவர்கள் மட்டும் விண்ணப்பம் கேட்கவில்லை.

கிழக்குச்சாளரம் அக்கா, பலகை வைப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் உள்ளே வேலை செய்பவர்களில் யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்பதை அவர்களைக் கேட்காமல் நீங்கள் ஐந்து பேரும் முடிவு செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இருக்கிறது, அது பள்ளிக்கூடம் போகிறது. அப்பா எங்கே வேலை செய்கிறார் என்று பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள்.

ஆள்தேர்வு எழுதியது:

வேலைக்கு ஆள் எடுப்பதுதான் என் தொழில். தங்கை சொன்ன கட்டத்தைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. டெவா பேஜர் என்ற சமூகவியலாளர் விஸ்கான்சினில் உள்ள மில்வாக்கியில் இளைஞர்களை வேலைக்கு விண்ணப்பிக்க அனுப்பினார். படிப்பு, அனுபவம், பேச்சு எல்லாம் ஒன்றுபோல. பாதிப் பேர் மட்டும் சிறைத் தண்டனை பெற்றதாகச் சொன்னார்கள். 2003-ல் வெளியான முடிவு: வெள்ளையர்களில் குற்றப் பதிவு இல்லாதவருக்கு 34 சதவீதம் மறு அழைப்பு, பதிவு இருந்தவருக்கு 17. கறுப்பினத்தவரில் பதிவு இல்லாதவருக்கு 14, இருந்தவருக்கு 5. சிறை சென்ற வெள்ளையருக்கு வந்த அழைப்பு, சிறை போகாத கறுப்பருக்கு வந்ததைவிடக் கூடுதல். நான் இந்த எண்களைப் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசுவதில்லை.

அந்தக் கட்டத்தை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லும் சட்டத்தை அமெரிக்க மாநிலங்களில் முதலில் கொண்டுவந்தது ஹவாய், 1998-ல். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் இன்னொன்றைக் காட்டின. கட்டம் இல்லாத இடத்தில் சில முதலாளிகள் பெயரையும் நிறத்தையும் வைத்து ஊகிக்க ஆரம்பித்தார்கள், ஒன்றும் செய்யாத கறுப்பின இளைஞர்களும் தள்ளப்பட்டார்கள். ஆக மறைப்பது மட்டும் மருந்தாகாது.

முதலாளியின் பயத்துக்கும் பதில் வேண்டும். அமெரிக்காவில் 1966 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. முன்னாள் கைதியை வேலைக்கு எடுத்தால் முதல் ஆறு மாதத்துக்கு அவர் திருடினாலோ மோசடி செய்தாலோ ஈடுகட்டும் பத்திரம் முதலாளிக்கு இலவசமாகக் கிடைக்கும். பயம் என்று சொல்பவரிடம் பயப்படாதே என்று பேசிக்கொண்டிருக்காமல் அதற்கு ஒரு தொகையை வைத்தார்கள். எனக்கு அந்த யோசனை பிடிக்கும்.

வெளிவந்தவன் எழுதியது:

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று யோசித்து இன்றைக்குத்தான் எழுதுகிறேன். ஒன்பது வருடம் உள்ளே. இப்போது ஒரு பேக்கரியில் ஐந்தாவது வருடம், ஓவன் என் பொறுப்பு. எந்தப் பேக்கரி என்று சொல்லவில்லை, காரணம் படித்தால் புரியும்.

நான் சேர்ந்தபோது அங்கே பெரிய பலகை இருந்தது. எங்கள் நான்கு பேருடைய படமும் சுவரில். நல்ல மனதோடுதான் வைத்தார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கூட்டமும் வந்தது. ஆனால் கவுண்டரில் நிற்கும்போது காசைக் கொடுத்துவிட்டு மீதிக்குக் காத்திருக்கிற நேரத்தில், "நீங்கள் என்ன செய்துவிட்டு உள்ளே போனீர்கள்" என்று கேட்பார்கள். பக்கத்தில் குழந்தை நிற்கும். சிலர் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாமா என்பார்கள். சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். நல்லவர்கள்தான். ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து முறை அதே இடத்துக்குத் திரும்பப் போய்விட்டு வருவது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். நீதிபதிகூட ஒருமுறைதான் கேட்டார். கவுண்டர் வேண்டாம், ஓவனுக்கே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நெருப்பு எதையும் கேட்பதில்லை.

ஒரு வருடம் கழித்து ஒரு மாலை எல்லோரையும் உட்காரவைத்து, யாருக்குப் படம் இருக்கட்டும், யாருக்கு வேண்டாம் என்று கேட்டார்கள். இரண்டு பேர் இருக்கட்டும் என்றார்கள், அவர்களில் ஒருவருக்கு மேடையில் பேசுவது உண்மையாகவே பிடிக்கும், பள்ளிகளுக்குப் போய் அவர் பேசியதைக் கேட்டு மனம் மாறிய பையன்களை நானே பார்த்திருக்கிறேன். நானும் இன்னொருவரும் வேண்டாம் என்றோம். அன்றைக்கே எங்கள் இருவரின் படத்தையும் எடுத்துவிட்டார்கள், ஆணி இருந்த ஓட்டையைக்கூட அடைத்தார்கள். அந்த ஓட்டையை அடைத்தது எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

இப்போது பலகையைவிட முக்கியமானது. வேலை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துத் தொடங்காதீர்கள். நான் வெளியே வந்த புதிதில் மூடிய கதவு முன்னால் போய் நிற்பேன், யாராவது வந்து திறப்பார்கள் என்று. ஒன்பது வருடம் ஒரு கதவையும் நானாகத் திறந்ததில்லை. ஓய்வறைக்குப் போகலாமா என்று மாஸ்டரிடம் அனுமதி கேட்டேன், அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதை ஏம்ப்பா என்கிட்ட கேக்கறே" என்றார். அடையாள அட்டை இல்லை, அதனால் வங்கிக் கணக்கு இல்லை, அதனால் சம்பளம் வாங்க முடியாது. நன்னடத்தை அலுவலரைப் பார்க்க வேண்டிய நாள் வேலை நாளாக இருக்கும். மாவுமாஸ்டர் சொன்ன இரவுக் கட்டுப்பாடு எனக்கும் இருந்தது, பேக்கரிக்காரர் நேரில் போய்க் கடிதம் கொடுத்து நேரத்தை மாற்றி வாங்கினார்.

இரண்டாம் மாதம் நான் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. பழைய ஆள் ஒருவனைப் பார்த்தேன், குடித்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நான்காம் நாள் காலை பேக்கரியிலிருந்து ஆள் வந்தது. திட்டவில்லை. மூன்று நாள் சம்பளம் பிடிப்போம், நாளைக்கு மூன்று மணிக்கு வந்துவிடு என்றார். போனேன். வேலை கொடுத்தது பெரிது, ஆனால் வேலையை நான் உடைத்தபிறகும் அது அங்கேயே இருந்ததுதான் என்னை நிறுத்தியது. உங்கள் பேக்கரியில் இதற்கு இடம் இருக்கிறதா? எத்தனை முறை? அதை முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த நாள் வரும், அன்றைக்குக் கோபத்தில் முடிவெடுப்பீர்கள்.

பூட்டியவீடு எழுதியது:

வெளிவந்தவன், ஒரே ஒரு கேள்வி. உங்களால் பாதிக்கப்பட்டவரை நினைப்பதுண்டா?

வெளிவந்தவன் எழுதியது:

உண்டு. தினமும். அவர் குடும்பத்துக்கு உள்ளே இருந்தபோது ஒரு கடிதம் எழுதினேன், அதை அனுப்பக்கூடாது, அவர்கள் கேட்டால் மட்டும் கொடுக்கலாம் என்று அங்கே ஆலோசனை சொன்னவர் விளக்கினார். அவர்கள் கேட்கவில்லை. கேட்காதது அவர்கள் உரிமை. கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை, அதனால் சொல்லவில்லை.

பூட்டியவீடு எழுதியது:

சரி.

என் கருத்து முழுக்க மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பலகை வேண்டும் என்று நான் சொன்னது என் பயத்துக்காக. அதற்கு நீங்கள் கவுண்டரில் ஒரு நாளைக்கு ஐந்து முறை விலை கொடுக்க வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. கடையை நடத்துகிற ஐந்து பேர் யாரென்று எனக்குத் தெரிந்து, ஏதாவது நடந்தால் அவர்கள் வந்து பதில் சொல்வார்கள் என்றால், உள்ளே ஓவனில் நிற்பவர் பெயர் எனக்குத் தேவையில்லை.

ஏட்டுப்புழு எழுதியது:

கதை யாருடையது என்பதில் இன்னொரு உதாரணம் சொல்ல வேண்டும். ஓரிகன் மாநிலத்தில் டேவ் டால் என்பவர் மொத்தம் 15 வருடம் சிறையில் இருந்தார். உள்ளே மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்து, கணினியில் வரைபடம் போடக் கற்று, 2004 கடைசியில் வெளியே வந்தார். அண்ணன் கிளென் குடும்ப பேக்கரியில் மறுபடி சேர்த்துக்கொண்டார். 2005-ல் போர்ட்லாண்ட் உழவர் சந்தையில் விற்க ஆரம்பித்த தானிய ரொட்டிதான் டேவ்ஸ் கில்லர் பிரெட். பாக்கெட்டில் அவருடைய உருவப்படமும் அவர் கதையும். தொழிற்சாலை ஊழியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் குற்றப் பின்னணி உள்ளவர். 2015-ல் பிளவர்ஸ் ஃபுட்ஸ் என்ற பெரிய ரொட்டி நிறுவனம் அதை 27.5 கோடி டாலருக்கு வாங்கியது.

அது அவர் கதை, அவரே எழுதினார், அதனால் அது செல்லுபடியானது. அதே பாக்கெட்டில் பேக்கிங் பிரிவில் நிற்கும் ஒருவருடைய கதையை முதலாளி எழுதியிருந்தால் அது வேறு விஷயம். இன்னொரு பக்கமும் உண்டு. 2013-ல் அவருக்கு மனநலம் பாதித்த நிலையில் போலீஸ் வண்டிகளில் மோதிக் கைதானார். ஒரு மனிதரின் மீட்சியை ரொட்டிக்கு முகமாக வைத்தால், அவர் சறுக்கும்போது அது ஊருக்கே செய்தி. ஒருவருக்கு அவ்வளவு பாரம் கொடுக்கக்கூடாது. நல்ல வேளை, ரொட்டி நன்றாக இருந்தது, மக்கள் வாங்குவதை நிறுத்தவில்லை.

மாவுமாஸ்டர் எழுதியது:

அதைத்தான் முதலிலேயே சொன்னேன். முதலில் ரொட்டி.

கணக்கர் எழுதியது:

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். சாதாரணப் பேக்கரியிலேயே லாபம் மெல்லியது, விற்காதது மறுநாள் பழையது. இங்கே கூடுதலாகப் பயிற்சி ஆசிரியர், ஆலோசகர், வராத நாட்கள், கற்றுக்கொள்ளும்போது வீணாகும் மாவு. ஹோம்பாய் அளவுக்கு வளர்ந்த நிறுவனமே விற்பனையால் மட்டும் ஓடவில்லை, பெரும்பங்கு நன்கொடைதான். 2010-ல் பணம் தீர்ந்துபோய் அங்கே ஊழியர்களில் பெரும்பாலானவர்களைச் சம்பளப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டி வந்தது. நிறையப் பேர் சம்பளம் இல்லாமலும் வேலைக்கு வந்தார்கள், பிறகு நிதி திரட்டி மீண்டார்கள்.

அதனால் இரண்டு கணக்குப் புத்தகம் வையுங்கள். ரொட்டி விற்று ரொட்டிச் செலவும் சம்பளமும் வர வேண்டும், அது ஒன்று. பயிற்சி, ஆலோசனை, வண்டிச் செலவு நன்கொடையிலிருந்து, அது இன்னொன்று. இரண்டையும் கலந்தால் எது ஓட்டை என்றே தெரியாமல் ஆறு மாதத்தில் மூடுவீர்கள். நன்கொடையாளருக்கு நீங்கள் யாருக்காகச் செய்கிறீர்கள் என்று முழுக்கச் சொல்லலாம், அது வேறு அறையில், வேறு தாளில். பன் வாங்க வருபவருக்கு விலைப்பட்டியல் போதும். பலகைக்காகச் சண்டை போடும் உங்கள் மூன்று நண்பர்களுடைய கவலை பணம்தான் என்றால், இது அவர்களுக்குப் பதிலாகலாம்.

கிழக்குச்சாளரம் எழுதியது:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று ஐந்து பேரும் உட்கார்ந்து இந்த இழையை முதலிலிருந்து சத்தமாகப் படித்தோம். ஆணி ஓட்டையை அடைத்த இடம் வந்தபோது, பலகை வேண்டும் என்று அதிகம் வாதாடியவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

இப்போதைக்கு முடிவானது: வாசல் பலகையில் பேக்கரியின் பெயரும் திறக்கும் நேரமும் மட்டும். கீழே எங்கள் ஐந்து பேரின் பெயரும் தொடர்பு எண்ணும் இருக்கும், பூட்டியவீடு அவர்கள் சொன்னது நியாயமாகப் பட்டது. யாராவது நேரே கேட்டால் பொய் சொல்லமாட்டோம், பலரையும் சேர்த்துக்கொள்ளும் இடம் என்று சொல்வோம், யார் என்று சொல்லமாட்டோம். வேலைக்கு வருபவர்கள் விரும்பினால் அவர்கள் கதையை அவர்களே சொல்லலாம், விரும்பியபோது நிறுத்தலாம். நன்கொடைக்குத் தனிக் கணக்கு.

ஒன்றில் மட்டும் இன்னும் உடன்பாடு இல்லை: எத்தனை முறை திரும்ப எடுத்துக்கொள்வது. மூன்று முறை என்கிறார் ஒருவர். எண் வைக்கக்கூடாது, அடுத்தவருக்கு ஆபத்து என்றால் முதல் முறையே போதும், தனக்கு மட்டும் கெடுதல் என்றால் கதவு திறந்தே இருக்கட்டும் என்கிறார் இன்னொருவர். வெளிவந்தவன் அண்ணா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வெளிவந்தவன் எழுதியது:

இரண்டாமவர் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வருபவரை எடுப்பதா என்று கேட்கும்போது, கூட வேலை செய்பவர்களையும் கேளுங்கள். அவர் வராத நாட்களில் அவர் வேலையையும் சேர்த்துச் செய்தது அவர்கள்தான். எனக்காக அப்படிச் செய்தவர்கள் இன்றும் என் பக்கத்தில் நிற்கிறார்கள்.

தங்கை எழுதியது:

அக்கா, என் அண்ணனிடம் இதைக் காட்டினேன். முழுக்கப் படித்தான். மாவு பிசையத் தெரியாது, ஆனால் வண்டி ஓட்டுவான், உரிமம் இருக்கிறது. மூன்று மணிக்கு நாலு பேரை வீட்டிலிருந்து கூட்டிவர ஆள் வேண்டுமா என்று கேட்கச் சொன்னான்.

கிழக்குச்சாளரம் எழுதியது:

வேண்டும். உடனே வேண்டும். தனிச்செய்தியில் எண் அனுப்பியிருக்கிறேன், நாளைக்கே பேசச் சொல்லுங்கள்.

மாவுமாஸ்டர் எழுதியது:

அப்படியானால் வண்டிக் கவலை தீர்ந்தது. முதல் இரண்டு வாரம் நான் வந்து நிற்கிறேன், சம்பளம் வேண்டாம். அந்தப் பழைய பிசையும் மிஷினுக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். மாவு போடாமல் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கேளுங்கள், பல் சக்கரத்தில் கடகடவென்று சத்தம் வந்தால் வாங்காதீர்கள். ஓவன் கதவின் ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்துவிட்டால் சூடு வெளியே போகிறது என்று அர்த்தம், அந்த ரப்பரை மாற்றித்தரச் சொல்லி விலையைக் குறையுங்கள். போகும்போது வெளிவந்தவனையும் கூட்டிப்போக முடியுமா பாருங்கள், ஐந்து வருடம் ஓவன் பார்த்தவருக்குச் சத்தத்திலேயே தெரியும்.